நீர்க்கடுப்பு மாத்திரைகள்: ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

கத்திரி வெயில் தொடங்கியதும், மேற்கு மாம்பலத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் சிறுநீர்க் குப்பிகள் வரிசை கட்டும். ரங்கநாதன் தெருப் பக்கம் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள்தான் அதிகம். கழிப்பறைக்குப் போக வழியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் மாலைவரை அடக்கி வைத்திருப்பவர்கள். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் உறையைப் பிரித்து, ஆன்டிபயாடிக் பெயர்களின் மேல் விரலை ஓட்டிவிட்டுக் கேட்பார்கள்: "அக்கா, இதில் எது பவரானது?"

குழப்பம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே 1 என்றும், நைட்ரோஃபுரான்டாயினுக்கு நேரே 16 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த அளவு அந்த எண். குறைந்த அளவிலேயே நிறுத்துகிறது என்றால் சிப்ரோதானே மேல்? படித்தவர்கள்தான் இந்தக் கணக்கில் அதிகம் ஏமாறுகிறார்கள். நீர்க்கடுப்பைத் தரும் சிறுநீர்த் தொற்றுக்கு, அதாவது நீர்த்தொற்றுக்கு, பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற பாக்டீரியாவைப் பொறுத்தவரை, ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்க அளவுகோலின்படி சிப்ரோவுக்கு 1 என்றால் கிருமி மருந்துக்கு அடங்காது. நைட்ரோவுக்கு 32 வரை போனாலும் அடங்கும், ஏனென்றால் அந்த மருந்து சிறுநீரில் மிக அதிகமாகச் சேர்கிறது. ஒவ்வொரு மருந்தின் எண்ணையும் அதன் சொந்த வரம்போடு மட்டுமே பார்க்க வேண்டும். பக்கத்து வரியோடு ஒப்பிடுவது, கோயம்பேட்டில் கத்தரிக்காயின் கிலோ விலையையும் கறிவேப்பிலையின் கட்டு விலையையும் வைத்துக்கொண்டு எது மலிவு என்று கேட்பது போன்றது.

சரி, எண்ணை விட்டுவிட்டு, 'கட்டுப்படும்' என்று குறித்த மருந்துகளில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. தொற்று எங்கே இருக்கிறது என்பது ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும். ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் அது போதிய அளவு நிற்பதில்லை. குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி என்று தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டவருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால், ரிப்போர்ட்டில் 'கட்டுப்படும்' என்றே இருந்தாலும் பயனில்லை. அப்படிப்பட்டவர் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வரை தொற்று போயிருந்தாலும் இதே கதைதான். சிறுநீரகம் பெரிதும் பழுதானவர்களுக்கு மருந்து சிறுநீருக்கே போதிய அளவு வந்து சேராது. பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். அதனால்தான் மனைவிக்குக் கேட்ட மாத்திரை கணவருக்குக் கேட்பதில்லை.

அடுத்தது 'ஒரே வேளை' ஆசை. ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூளைத் தண்ணீரில் கலக்கி ஒருமுறை குடித்தால் முடிந்தது. நைட்ரோவோ வழக்கமாக ஐந்து நாள், உணவோடு. 2018-ல் வெளியான ஒரு ஆய்வில், சிக்கலில்லாத நீர்த்தொற்று வந்த 513 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நைட்ரோவும் மற்றவர்களுக்கு ஃபாஸ்ஃபோமைசினும் கொடுத்தார்கள். 28 நாள் கழித்துப் பார்த்தபோது நைட்ரோ எடுத்தவர்களில் 70 சதவீதம் பேருக்கும், ஒரே வேளை குடித்தவர்களில் 58 சதவீதம் பேருக்கும் குணமாகியிருந்தது. ஐந்து நாள் மாத்திரையை மறந்துவிடுவேன் என்பவருக்கு ஃபாஸ்ஃபோமைசின் நல்லதே. ஆனால் இரண்டும் சமம் என்று நினைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது.

மருந்துக்கடையில் "நீர்க்கடுப்பு" என்று சொல்லி வாங்கும் சிப்ரோ, நார்ஃப்ளாக்சசின் பற்றி எனக்குக் கோபமே உண்டு. நம் ஊர் ஈ.கோலை இவற்றைப் பார்த்துப் பயந்த காலம் போய்விட்டது. வேறு வழி இருக்கும்போது சாதாரண நீர்த்தொற்றுக்கு இந்த வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே எச்சரித்தது. தசைநார், நரம்புப் பாதிப்புகள்தான் காரணம். இரும்புச்சத்து மாத்திரை, அமிலம் குறைக்கும் மருந்து, பால் ஆகியவற்றோடு விழுங்கினால் இவை உடலில் சரியாகச் சேர்வதும் இல்லை. அட்டையில் நெட்டாக ஓடும் சிவப்புக் கோடு அலங்காரமில்லை, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று பொருள். சென்னைக்கு இதில் தனி வரலாறே இருக்கிறது. ஆன்டிபயாடிக்கை முறியடிக்கக் கிருமிகளுக்கு உதவும் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பாற்றல் பற்றி 2010-ல் வந்து பரபரப்பான கட்டுரையில் நம் நகரத்து மாதிரிகளும் இருந்தன. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பெயரே 'சென்னைப் பிரகடனம்'.

இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுக் குப்பியோடு வருகிறவர்களை என்ன செய்வது? கல்ச்சரில் ஒன்றும் வளராது, வலி மட்டும் அப்படியே இருக்கும். முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி கொடுங்கள். தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள்.

எரிச்சலைத் தணிக்கும் சிரப் கிருமியைக் கொல்லாது. அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைப்பது; நைட்ரோவோ அமிலத்தில் நன்றாக வேலை செய்வது. இரண்டையும் சேர்க்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். பார்லித் தண்ணீரும் இளநீரும் சூட்டு எரிச்சலுக்கு நல்ல துணை, தொற்றுக்கு மருந்தாகா.

என் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. முழு உடல் பரிசோதனையில் சிறுநீரில் கிருமி இருப்பதாக வந்ததும் வீட்டில் எல்லோரும் பதறி, யாரோ சொன்ன சிப்ரோவை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். குதிகாலுக்கு மேல் வலி வந்து ஒரு மாதம் மாடிப்படி ஏறவில்லை. தொந்தரவு எதுவும் தராத கிருமிக்கு, கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் சில அறுவைச் சிகிச்சைகளுக்குத் தயாராகிறவர்கள் போன்ற சிலருக்கே மருந்து தேவை. முதியவர்களிடம் இப்படிக் கிருமி தென்படுவது மிகச் சாதாரணம்.

மாத்திரை முடிந்து, எரிச்சலும் போன பிறகு, "எதற்கும் இன்னொரு கல்ச்சர் பார்த்துவிடலாமா அக்கா?" என்பார்கள். கர்ப்பிணியாக இல்லாவிட்டால் பெரும்பாலும் வேண்டியதில்லை என்றுதான் சொல்வேன். முதலாளி காதில் விழாதபடி.