மைக் கேபிளுக்கு எந்த சால்டர் வாங்குவது?

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் மைக் செட்டுக்கு ஓய்வே கிடையாது. நாதஸ்வரக் கச்சேரி நடுவில் கரகரவென்று சத்தம் வந்தால் முதலில் பிளக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சால்டர், அதாவது ஒயரைப் பிளக்கோடு உருக்கி ஒட்டும் உலோகம், விட்டுப்போயிருக்கும்.

வெள்ளி கலந்த சால்டர் போட்டால் ஒலி துல்லியமாகும் என்பார்கள். நான் நம்புவதில்லை. பல மீட்டர் செம்புக் கம்பிக்கு முன்னால் ஒரு துளி சால்டரின் மின்தடை கணக்கிலேயே வராது. இணைப்பு உறுதியாக இருந்தால் போதும்.

முதலில் கலவை. 60/40, 63/37 என்று இரண்டு வகை கிடைக்கும். முதல் எண் வெள்ளீயம், அடுத்தது காரீயம். 63/37 வாங்குங்கள். அது 183 டிகிரி செல்சியஸில் உருகும், ஆறும்போது அதே சூட்டில் சட்டென்று இறுகிவிடும். 60/40 அப்படியில்லை, 183-க்கும் 190-க்கும் இடையில் கூழாக நிற்கும். அந்த நேரத்தில் ஒயர் அசைந்தால் இணைப்பு மங்கலாக, சொரசொரப்பாக இறுகும். இழுத்தால் கையோடு வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் கை அசையத்தான் செய்யும். காரீயம் இல்லாத வெள்ளீய-செம்புக் கலவை உருக 227 டிகிரி வேண்டும். அதற்குள் ஒயரின் பிளாஸ்டிக் உறை சுருங்கிவிடும். பழகிய பிறகு பார்க்கலாம்.

அப்புறம் தடிமன்: 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர். 18 கேஜ் ஸ்பீக்கர் ஒயருக்குச் சரி, மைக் பிளக்குக்கு அதிகமாக வழியும்.

சால்டர் கம்பிக்கு உள்ளே ரோசின் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பிசின்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பித்தளைப் பாத்திரம் பற்றவைக்கிற ஆசிட்டைத் தொடவே வேண்டாம். மிச்சம் தங்கி, செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். பிளக்கின் மூடியை முதலில் ஒயரில் கோத்துவிடுங்கள். சால்டர் வைத்த பிறகு கோக்க முடியாது. உறையைச் சீவி இழைகளை முறுக்குங்கள். மழையில் கிடந்து கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது, பளபளப்பு தெரியும்வரை வெட்டித் தள்ளுங்கள். ஒயரிலும் பிளக்கின் பின்னிலும் (pin) தனித்தனியாகக் கொஞ்சம் சால்டர் ஏற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்எல்ஆர் பிளக்கை (மூன்று பின் உள்ள மைக் பிளக்) அதன் ஜோடியில் செருகிவைத்துச் செய்தால் சூட்டில் பின் நகராது. 1-ஆம் பின்னில் ஷீல்டு (வெளிச்சுற்றுக் கம்பி), 2-இல் ஹாட் (hot), 3-இல் கோல்டு (cold) என்ற இரண்டு ஒலிக் கம்பிகள். சால்டரிங் அயர்னால் பின்னைச் சூடாக்கி ஒயரைச் சேருங்கள், அயர்னை எடுத்தபின் இறுகும்வரை பிடித்திருங்கள்.

புகை ரோசினுடையது, மூக்குக்கு நேராக வேண்டாம். சாப்பிடுமுன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காரீயம் கையில் ஒட்டியிருக்கும். கடைசியாக மல்டிமீட்டரில் இரு முனைகளிலும் ஒவ்வொரு பின்னையும் அதே எண் பின்னோடு சோதித்து, ஒயரை ஆட்டிக்கொண்டே பீப் சத்தம் விட்டுப்போகாமல் வருகிறதா என்று கேளுங்கள்.