கேபிள் இணைய இணைப்புள்ள வீட்டில் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்தல்

மேசைக் கணினியில் உள்ள திருமண வீடியோவை மடிக்கணினிக்கு மாற்ற, அதை முதலில் கூகுள் டிரைவில் ஏற்றி, பிறகு அடுத்த அறையில் இறக்கிக்கொள்பவர்கள் பலர். கேபிள் இணைப்புகளில் பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் மிகக் குறைவு என்பதால், இந்த வழியில் ஓர் இரவே கழிந்துவிடும். இரண்டு கணினிகளும் ஒரே ரவுட்டரில் (வீட்டுக் கருவிகளை ஒன்றோடொன்றும் இணையத்தோடும் இணைக்கும் பெட்டி) இணைந்திருந்தால் கோப்பு கேபிள் லைனைத் தொடவே தேவையில்லை. இணையம் துண்டிக்கப்பட்ட நாளிலும் பகிர்வு நடக்கும்.

எனவே முதலில் ரவுட்டர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கேபிள் நிறுவனம் தரும் பெட்டி, கேபிள் லைனிலிருந்து இணையத்தைப் பெற்றுத் தர மட்டுமே செய்யும் வெறும் மோடமாக இருக்கலாம். மோடமும் ரவுட்டரும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபிவி4 (IPv4) முகவரி, இரு கணினிகளிலும் 192.168 என்று தொடங்கி, மூன்றாவது எண்ணும் ஒன்றாக இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. வெறும் மோடத்தில் கணினியை நேரடியாகச் செருகிவிட்டுப் பகிர்வை இயக்காதீர்கள். கேபிள் மோடம் புதிதாக வந்த 1990களின் இறுதியில், அமெரிக்காவில் இப்படி இணைத்தவர்களின் திரையில் பக்கத்து வீட்டுக் கணினியின் ஃபோல்டர்கள் தெரிந்ததுண்டு.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் ‘நெட்வொர்க் & இன்டர்நெட்’ பகுதிக்குச் சென்று, உங்கள் இணைப்பை ‘பிரைவேட் நெட்வொர்க்’ என மாற்றுங்கள். அதே பகுதியின் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பக்கத்தில், பிரைவேட் நெட்வொர்க்கின் கீழ் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் இயக்குங்கள். பழைய வழிகாட்டிகள் சொல்லும் ‘ஹோம்குரூப்’ வசதியைத் தேட வேண்டாம்; அது 2018இலேயே விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பிறகு பகிர்வுக்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதன் ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘ஷேரிங்’ பகுதியைத் திறந்து, யாருக்கு, படிக்க மட்டுமா எழுதவுமா என்று தேர்ந்தெடுங்கள். சி டிரைவ் முழுவதையும் பகிர்வது சோம்பேறித்தனமான வழி, ஆபத்தானதும் கூட.

மற்றக் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் \\192.168.1.20 என்பது போல, இரண்டு பின்சாய்கோடுகளுடன் முதல் கணினியின் முகவரியைத் தட்டுங்கள். மேக்காக இருந்தால் ஃபைண்டரின் ‘கோ’ மெனுவில் ‘கனெக்ட் டு சர்வர்’ உண்டு.

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது இதற்கு அடுத்த படியில்தான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டியில், தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணை அரை மணி நேரம் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தவன் நான். பின் எண் அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க்கில் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைத்தான் தர வேண்டும். அது மறந்துபோயிருந்தால், பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் ஓர் உள்ளூர்ப் பயனர் கணக்கை உருவாக்கி, அதற்கு அனுமதி கொடுப்பதே எளிது. ஐபி முகவரி அவ்வப்போது மாறாமலிருக்க, ரவுட்டரின் அமைப்புகளில் அதை அந்தக் கணினிக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

வேகம் போதவில்லை என்றால் வயரைப் பாருங்கள். 20 ஜிபி கோப்பு 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நகர ஏறத்தாழ அரை மணி நேரமும், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பில் மூன்று நிமிடமும் ஆகும். ரவுட்டர், கணினி இரண்டும் கிகாபிட்டாக இருந்தும் இணைப்பு 100 என்றே காட்டினால், வயரின் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் பிளக்கில் பொருத்தியிருக்கிறார்களா என்று முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டும் தேவை.

கணினி தெரியவில்லை என்பதற்காக ஃபயர்வாலை அணைக்காதீர்கள். வெளியிலிருந்து அணுகும் ஆசையில், விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி (SMB) பயன்படுத்தும் வாசலான 445ஆம் போர்ட்டை ரவுட்டரில் திறந்தும் விடாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை நிரல், எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. ஒரு கணினி, விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக இருக்கும் ‘கெஸ்ட்’ வைஃபையில் இணைந்திருந்தாலோ, கோப்பு உள்ள கணினி உறக்க நிலைக்குப் போயிருந்தாலோ கூட மற்றக் கணினியில் அது தெரியாது. முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.