வாத்து வேட்டைக்கு மாற்றிடம்: கலிங்கு வழியும் நாளில் எங்கே போவது?

கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்து, பொதுநிலத்தில் வாத்து வேட்டைக்குப் போக விரும்புவோர் வேட்டைப் பயிற்சி, மாநில லைசென்ஸ், வாத்துக்கான மாநில அனுமதி, 25 டாலர் கூட்டரசு வாத்து முத்திரை (டக் ஸ்டாம்ப்) ஆகியவற்றை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்குச் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதால், அது கைக்கு வரும்வரை துப்பாக்கி வாங்கும் பேச்சே வேண்டாம். 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுக்கு மாநிலம் முழுவதும் தடை. இவ்வளவும் எளிது.

சிக்கல் இடத்தில்தான் இருக்கிறது. சாக்ரமென்டோ பள்ளத்தாக்கின் பெயர்பெற்ற சரணாலயங்களில் புதன், சனி, ஞாயிறு மட்டுமே சுட அனுமதி. அதுவும் பெரும்பாலும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தாலும் அந்த இடம் அன்று திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே மாற்றிடம் தேவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப்பட்ட மாற்றிடம் என்றுதான் எவரும் சொல்வதில்லை.

என் நண்பர் ஒருவர் யோலோ பைபாஸ் என்ற வேட்டைநிலத்தை முதலிடமாகவும், சட்டர் சரணாலயத்தை மாற்றிடமாகவும் வைத்திருந்தார். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏரி நிரம்பினால்தான் வேடந்தாங்கலுக்குப் பறவை வரும் என்று பார்த்து வளர்ந்தவர், தண்ணீர் கூடினால் வாத்தும் கூடும் என்று நம்பிப் புறப்பட்டார். விடியுமுன் போய்ச் சேர்ந்தால், வானத்தில் நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறது, வாயிற்கதவில் பூட்டுத் தொங்குகிறது, அதற்கு அப்பால் சாலை இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் ஓடுகிறது. அங்கிருந்து சட்டருக்கு விரட்டிக்கொண்டு போனார். அதுவும் மூடிக் கிடந்தது.

இரண்டுமே சாக்ரமென்டோ ஆற்றின் வெள்ளவடிகால்களில் இருக்கின்றன. ஃபிரிமான்ட் கலிங்கு (ஆற்றில் மிஞ்சும் நீர் வழிந்தோடக் கட்டிய தடுப்பு) வழிந்தால் யோலோவிலும், டிஸ்டேல் கலிங்கு வழிந்தால் சட்டரிலும் நீர் புகும். டிஸ்டேல்தான் வழக்கமாக முதலில் வழியும். (நம்மவர் நிறைந்த ஃபிரிமான்ட் நகரம் வேறு.) வடக்கே பெய்த மழை இறங்கிவரச் சில நாட்கள் ஆகும் என்பதால், இங்கே வெயில் அடிக்கும்போதும் கலிங்கு வழியலாம். ஆற்றின் நீர்மட்டத்தை மாநில நீர்வளத் துறை இணையத்தில் வெளியிடுகிறது. வானிலையை மட்டும் பார்த்துக் கிளம்புவது, மன்னிக்கவும், சோம்பேறித்தனம்.

எனவே முதலிடம் எந்தக் காரணத்தால் மூடப்படுமோ, அந்தக் காரணம் தொடாத இடத்தையே மாற்றிடமாக வையுங்கள். யோலோவுக்கு மாற்றாகச் சான் வாக்கீன் பள்ளத்தாக்கிலுள்ள லாஸ் பான்யோஸையோ, சூசூன் சதுப்பிலுள்ள கிரிஸ்லி தீவையோ நான் சொல்வேன். இரண்டுக்கும் யோலோ வழியாகப் போகத் தேவையில்லை என்பதால், எதற்குப் போவது என்பதை முந்தின இரவே வீட்டிலிருந்தபடி முடிவு செய்யலாம். நடுவழியில் முடிவு செய்தால் இருட்டில் கூடுதல் தூரம் ஓட்ட வேண்டிவரும்; குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் தரையோடு படியும் டூலி மூடுபனியில் காரின் முகப்பு விளக்கு பத்தடிக்குமேல் எட்டாத நேரமும் உண்டு.

நுழைவுச்சீட்டையும் மாற்றிடத்துக்கும் சேர்த்து முன்னதாகவே வாங்கி வையுங்கள். வேட்டையிடத்தின் சோதனைச் சாவடியில் அது விற்கப்படுவதில்லை. விற்கும் கடைகளோ அந்த நேரத்தில் திறந்திருப்பதில்லை.