மீனும் மணலும் பாத்திரமும்: வீட்டு வேலைக்குள் மனதை நிறுத்தும் முறை

வீட்டு வேலை செய்யும்போதே மனதை அந்த வேலையில் நிறுத்திப் பழகும் பயிற்சி இது. முதல் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வேலையையும் முழுக்கவனத்தோடு செய்யப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் சீக்கிரமே அலுத்து விட்டுவிடுவார்கள். அந்த வேலை தினமும் வருவதாகவும், பத்து நிமிடத்தில் முடிவதாகவும், கைக்கு நன்றாகப் பழகியதாகவும் இருக்கட்டும். வரவு செலவு எழுதுவது, ரேஷன் சாமானுக்குப் பட்டியல் போடுவது மாதிரியான வேலை இதற்கு ஆகாது. அதில் மனம் முன்னும் பின்னும் போய் யோசித்தே ஆக வேண்டும்.

போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். டிவி, பாட்டு எதுவும் வேண்டாம். வேலையைத் தொடும் முன் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருப்பதை ஒரு மூச்சு நேரம் உணர்ந்து பாருங்கள். பிறகு அந்த வேலையில் உடம்புக்குத் தெரிகிற ஒரே ஒரு இடத்தில் கவனத்தை வையுங்கள். கூட்டும்போது சத்தம், மீன் ஆயும்போது கட்டைவிரல் நுனி, பாத்திரம் கழுவும்போது விரலின் வழுக்கல். இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், வேலை பாதியில் இருக்கும்போது எதைக் கவனிப்பது என்று தேடவே நேரம் போய்விடும்.

மனம் ஓடத்தான் செய்யும். சீட்டுப் பணம், பிள்ளையின் பரீட்சை, காலையில் யாரோ சொன்ன ஒரு சொல். ஓடியது தெரிந்ததும் மனதுக்குள் “நினைப்பு” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விரலுக்கோ சத்தத்துக்கோ திரும்புங்கள். பயிற்சி என்பது இந்தத் திரும்புதல்தான். பத்து நிமிடத்தில் இருபது தடவை ஓடினால் இருபது தடவை திருப்பலாம், குறையொன்றும் இல்லை. நினைப்பே வரக்கூடாது என்று பல்லைக் கடித்தால் தலைவலிதான் மிஞ்சும்.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய, மன அழுத்தம் குறைப்பதற்கான 8 வாரப் பயிற்சியிலும், உட்கார்ந்து தியானம் செய்வதோடு அன்றாட வேலை ஒன்றை இப்படிச் செய்து பார்ப்பது உண்டு.

மணல் கூட்டுவது

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் கூட்டிய தரை மதியத்துக்குள் நறநறவென்று ஆகிவிடும். கூட்டுவதே எரிச்சலாகிப்போகும் காலம் இது. பயிற்சிக்கு நல்ல வேலையும் இதுதான், ஏனென்றால் மணல் இருக்கிறதா இல்லையா என்பதைக் காதும் காலும் உடனே சொல்லிவிடும்.

காற்று வரும் பக்கத்துக் கதவை முதலில் சாத்துங்கள். எதிர்க்காற்றில் கூட்டினால் தள்ளியது திரும்பி வரும், கோபமும் கூடவே வரும். ஈர்க்கு விளக்குமாற்றைத் தரையில் சாய்த்து, அழுத்தாமல் இழுங்கள். அழுத்தினால் ஈர்க்கு வளைந்து தெறிக்கும், மணல் சுவரோரம் எகிறிவிடும். வாசலுக்கு ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம், வீட்டுக்குள் தெளிக்க வேண்டாம், ஈர மணல் சிமெண்டில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது சத்தத்தைக் கேளுங்கள். மணல் இருக்கும் இடத்தில் ஒரு கரகரப்பு, அது போனதும் ஈர்க்கு மட்டும் உரசும் மெல்லிய சீறல். ஒவ்வொரு இழுப்பிலும் இந்தச் சத்தம் எங்கே மாறுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒரு அறை முடிந்ததும் வெறுங்காலால் மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாக நடந்து பாருங்கள். குதிகாலில் பட்ட பருக்கை எந்த இடத்தில் என்று தெரிந்தால், அங்கே கூட்டும்போது மனம் எங்கேயோ போயிருந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மறுபடி கூட்டுங்கள். உங்களைத் திட்டிக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை.

மீன் ஆய்வது

தொடங்குகிறவர்களுக்கு நெத்திலிதான் ஏற்றது. அரைக் கிலோ போதும், கத்தி வேண்டாம். அகலமான மண்சட்டியில் மீன் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, பக்கத்தில் கழிவுக்கு ஒரு கிண்ணம் வையுங்கள். இடது கையில் ஒரு மீனைப் பிடித்து, வலது கட்டைவிரல் நகத்தைச் செவுளுக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் கிள்ளி, தலையை வயிற்றுப் பக்கமாக இழுங்கள். தலையோடு குடலும் ஒரே இழையாக வந்துவிடும். அந்த இழை வரும்போது நுனிவிரலில் ஒரு சின்ன இழுவிசை தெரியும், பிறகு சட்டென்று விடுபடும். கவனம் அங்கேதான் நிற்க வேண்டும். அவசரப்பட்டு மேல்நோக்கித் திருகினால் தலை மட்டும் கழன்று குடல் உள்ளேயே நின்றுவிடும், குழம்பில் கசக்கும்.

ஆய்ந்து முடித்ததும் ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டு மெதுவாக உரசி, மூன்று தண்ணீரில் அலசுங்கள். முதல் தண்ணீர் கலங்கலாக வரும், மூன்றாவதில் சட்டியின் அடி தெரிய வேண்டும். தெளிவதைப் பார்ப்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய மீனை அருவாமனையில் அரியும்போது முறை வேறு. அங்கே மூச்சைக் கவனிக்கிறேன் என்று கண்ணை மூடவே கூடாது. வெட்டுவாயும் மீனும் சந்திக்கும் இடத்தை விட்டுப் பார்வையை எடுக்க வேண்டாம், கவனமும் அங்கேயே இருக்கட்டும். செதிளை வாலிலிருந்து தலைப்பக்கம் சீவுங்கள். ஓரா, கெளுத்தி இரண்டிலும் முள்ளில் விஷம் உண்டு, ஆயும் முன் முள்ளை வெட்டி எறிந்துவிடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி தணியும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பாத்திரம்

கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பாக இருப்பதால் சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லை என்று மேலும் மேலும் சோப்பைத் தேய்ப்பது வீண். மீன் பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் விட்டால் ஒட்டியிருக்கும் மீன் இறுகிக்கொள்ளும். பிறகு குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை வைத்துத் தேயுங்கள். மீன் வாடைக்குக் காரணமான பொருளைப் புளியின் புளிப்பு அடக்கிவிடும். அதன்பின் கொஞ்சம் சோப்பு போதும். அலசும்போது விரலைப் பாத்திரத்தின் உள்பக்கம் ஓட்டிக்கொண்டே இருங்கள். வழுக்கல் போய் விரல் பிடிக்கும் கணம்தான் நிறுத்த வேண்டிய இடம். காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரில் ஒரு செம்பு மிச்சமானால் அதுவும் லாபம்தானே.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைப் பாத்திரம் கழுவ வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. சோப்பின் மணம், தண்ணீரின் சூடு, கையில் படும் பாத்திரம் இவற்றைக் கவனித்துக் கழுவியவர்களிடம் பதற்றம் குறைந்தது, மற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. சின்ன ஆய்வுதான், இதை வைத்துப் பெரிதாக எதையும் சாதித்துவிட முடியாது. ஆனால் எதைக் கவனிப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பலன் இருக்கலாம் என்பதற்கு ஒரு சிறு சான்று.

எங்கே தவறுகிறது

வேண்டுமென்றே ஆமை வேகத்தில் செய்வது பலர் செய்கிற தவறு. வழக்கமான வேகத்தில் செய்யுங்கள், கடைசி இரண்டு நிமிடம் மட்டும் கொஞ்சம் நிதானிக்கலாம். வேகத்தை வேலையே சொல்லித்தரும் இடமும் உண்டு. மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொள்ளும்போது அவசரப்பட்டால் தண்ணீர் கலங்கிவிடும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காகத்தான் நிற்கும், ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும்.

கொதிக்கும் எண்ணெய் முன்னாலோ, குழந்தை தவழும் இடத்திலோ பயிற்சியைத் தொடங்க வேண்டாம். அங்கே கவனம் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும், ஒரு புள்ளியில் குவிக்கக் கூடாது.

வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது, குறிப்பாகக் காற்று அறிவிப்பு வந்த நாட்களில், மூச்சைக் கவனித்தால் சிலருக்கு நெஞ்சுப் படபடப்பு கூடும். அப்போது மூச்சை விட்டுவிட்டுக் கையில் படும் பொருளுக்கு வாருங்கள்: சட்டியின் கனம், தண்ணீரின் குளிர்ச்சி. கண் திறந்தே இருக்கட்டும். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் இந்தப் பயிற்சி போதாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலையெல்லாம் ஒருத்தி தலையில் விழுந்து அவள் ஓய்ந்துபோயிருக்கும் வீட்டில், கவனமாகச் செய் என்று அவளிடம் சொல்வது அநியாயம். அங்கே முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவுப் பாத்திரம் வீட்டு ஆண்களிடமும் பிள்ளைகளிடமும் போகட்டும், இந்தப் பயிற்சி அவர்களுக்கும்தான்.

மூன்றாம் வாரத்தில் இரண்டாவது வேலையைச் சேர்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் வரத்துக் குறைந்தால் மீன் ஆய்வதற்குப் பதிலாக முண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளலாம். கவனம் அதே கட்டைவிரல் நுனியில் இருக்கட்டும், கையைக் கழுவும் வரை கண்ணைத் தொட வேண்டாம்.