தவக்கால நாடகத்தில் சாத்தானை மேடையேற்றுவது எப்படி?

கொம்பு செய்யத் தொடங்க முன்னம், இயேசுவைச் சாத்தான் சோதிக்கும் காட்சிக்கு எந்த நற்செய்தியைப் பின்பற்றுவது என்று முடிவெடுங்கள். மத்தேயுவில் முதலில் கல்லை அப்பமாக்கும் சோதனை, அடுத்தது ஆலய உச்சி, கடைசியில் மலை. "அகன்று போ, சாத்தானே" என்றதும் காட்சி முடிந்துவிடும். குறுநாடகத்துக்கு இது பொருந்தும். லூக்காவில் ஆலய உச்சிதான் கடைசி. அலகை, அதாவது சாத்தான், தக்க நேரம் வரும்வரை விலகி நிற்கிறது, பிறகு 22ஆம் அதிகாரத்தில் யூதாசுக்குள் புகுகிறது. முழுத் திருப்பாடுகளையும் போடுகிறவர்கள் லூக்காவை எடுத்தால் அதே நடிகரை யூதாசின் பின்னால் திரும்பக் கொண்டுவரலாம். இரண்டையும் கலந்தீர்களோ, துரத்தப்பட்ட சாத்தான் போகாமல் நின்று பேசிக்கொண்டிருப்பான்.

இந்தப் பகுதிகளில் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. அவை பிற்கால ஐரோப்பிய ஓவியங்கள் ஏற்றிவிட்டவை. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் தாந்தே சாத்தானுக்கு மூன்று முகம் கொடுத்துப் பனிக்கட்டிக்குள் புதைத்தார். 1667இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் பேச்சு வல்லமையும் செருக்கும் கொடுத்தார். மேடைக்கு உதவுகிறவர் மில்டன்தான். வெள்ளை வேட்டி சால்வையோடு ஊர்ப் பெரிய மனிசன் மாதிரி வந்து, தணிந்த குரலில் நியாயம் பேசுகிறவனுக்குத்தான் சனம் பயப்படும்.

கையில் மூன்று முனை ஈட்டி வேண்டாம். எங்கள் ஒழுங்கைகளில் மரத்தடி வைரவருக்குச் சூலம்தான் அடையாளம்; அயலவரின் தெய்வத்தைப் பசாசாக்கிக் காட்டியதாகிவிடும். முகத்துக்குக் கரி பூசுவதும் வேண்டாம். கறுத்த தோல் கெட்டது என்று முன்வரிசைப் பிள்ளைகளுக்கு நாமே படிப்பித்ததாக முடியும்.

கொம்பு கட்டாயம் வேண்டுமென்று நெறியாளர் ஒற்றைக்காலில் நின்றால், ரெஜிபோமில் (வெள்ளை நுரை அட்டை) 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டுங்கள். அதைவிட நீண்டால் குனியும்போது தொப்பியை இழுக்கும். ஸ்பிரே பெயின்ற் நேரே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்று குழியாக்கிவிடும். பத்திரிகைத் தாளைக் கிழித்து, பைண்டர் கம்மில் நனைத்து மூன்று படை ஒட்டுங்கள். ஒரு நாள் காயவிட்டு எமல்ஷன் பூசுங்கள். அடியில் மட்டை வட்டம் வைத்து இறுக்கமான துணித் தொப்பியில் தைப்பதுதான் பாதுகாப்பு. தலைமுடியில் கிளிப் குத்தி நிறுத்தினால் வியர்வையில் வழுக்கும்.

இதைவிட மலிவான வழி நிழல். வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, கொம்புத் தொப்பி போட்ட இன்னொருவரை இடையில் நிறுத்துங்கள். அவர் விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெருக்கும். அந்த நேரம் முன்விளக்குகளைத் தணிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிழல் வெளிறும். சிவப்பு விளக்கு எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதன் கீழே சிவப்பும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், முகத்தில் வரைந்த சிவப்புக் கோடுகள் காணாமற்போகும்.

ஒலிபெருக்கிக்காரரிடம் எக்கோவை நிற்பாட்டச் சொல்லுங்கள். ஆலய உச்சியில் சாத்தான் எடுத்துச் சொல்வது திருப்பாடல் 91. அது ஒவ்வொரு சொல்லாகக் கேட்க வேண்டும்.