பரணில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை

பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கிற கடிதம், போட்டோ, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு இந்த மாதிரி துண்டுத் தாள்களையும் விடாமல் சேர்த்தார், அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகம் உருவானது. சரி, முதலில் துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுங்கள். செலோடேப்பும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம், டேப்பின் பசை நாளாக ஆக மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும். போட்டோவின் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று குறித்து வையுங்கள் (பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், அப்புறம் சொல்ல ஆள் கிடையாது). கடிதத்தின் உறையையும் எறியாதீர்கள், உள்ளே தேதி போடாதவர்களுக்குத் தபால் முத்திரைதான் சாட்சி.