டே கேர் சர்ஜரி சென்டர்ல பேஷண்ட்கிட்ட கருத்து கேக்கணும்னா இப்படி கேளுங்க

பில் கட்டுற நேரத்துல ஒரு ஃபார்மை நீட்டி ஸ்டார் போடச் சொல்லுத பழக்கம், ஆபரேஷன் பண்ணி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புத உங்க சென்டர்ல இருந்தா மொதல்ல அதை நிப்பாட்டுங்க. ஆபரேஷன் முடிஞ்சவருக்கு மயக்கம் இன்னும் சரியா தெளிஞ்சிருக்காது, கூட வந்த மகனோ மருமகனோ ஆட்டோ பிடிக்கிற அவசரத்துல எல்லாத்துக்கும் நன்றுன்னு டிக் அடிச்சிட்டு போயிருவாவ. அதோட நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆளுக டாக்டர் முன்னால குறை சொல்லவே மாட்டாவ, "நல்லா பாத்தீய, ஒரு கொறையும் இல்ல"ம்பாவ, பஸ் ஏறி உக்காந்தப்புறம் தான் உள்ளதைப் பேசுவாவ. நமக்கு வேண்டியது அந்தப் பேச்சு தான்.

அதனால மறுநாள் காலையில ஃபோன் போடுங்க. ஸ்டாஃப் நர்ஸ் தான் பேசணும், ரிசப்ஷன்ல இருக்க பிள்ளைகிட்ட விட்டா சரிவராது, ஏன்னா பேச்சோட பேச்சா "நேத்துலேந்து ஒண்ணுக்கே போகல", "கட்டு நனைஞ்சு ரத்தம் வருது"ன்னு வரும், அப்போ கேள்வியெல்லாம் ஓரமா வச்சிட்டு உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். புண்ணுல சீழ் பிடிக்கது மறுநாளே தெரியாது, சர்ஜரி இன்ஃபெக்ஷனை பொதுவா 30 நாள் வரைக்கும் கணக்குல எடுக்காவ, அதனால ஒரு வாரம் பத்து நாள் கழிச்சி ஒரு தடவையும் மாசம் முடியுறப்ப ஒரு தடவையும் அடிங்க.

"எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, நடந்ததைக் கேளுங்க. அமெரிக்காவுல இந்த மாதிரி சென்டர்களுக்குன்னே ஓஏஎஸ் கேப்ஸ்னு ஒரு சர்வே இருக்கு, அதுல வலி வந்தா, வாந்தி வந்தா, ரத்தம் கசிஞ்சா என்ன செய்யணும்னு யாராவது சொன்னாவளான்னு தனித்தனியா கேக்காவ. அந்த வழி நமக்கும் ஆகும். "ஆச்சி, ராத்திரி வலிச்சா எந்த மாத்திரைன்னு சொன்னாவளா? ஒங்ககிட்ட சொன்னாவளா, மருமககிட்ட சொன்னாவளா?" "கடைசியா எப்ப தண்ணி குடிச்சீய, எத்தனை மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாவ?"

இந்தக் கடைசிக் கேள்வி ஒண்ணுலயே நெறைய கெடைக்கும். வள்ளியூர், களக்காட்டுப் பக்கமிருந்து விடியக்காலத்து பஸ்ஸைப் பிடிச்சி வாரவங்க முந்தின ராத்திரி சாப்பிட்டதோட சரி, ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம வருவாவ, மதியம் ஒரு மணிக்குத் தான் அவங்க டர்ன் வரும். "ரொம்ப காக்க வச்சிட்டாவ"ன்னு ஒத்த வரில முடிச்சிருவாவ, ஆனா அதுக்குள்ள ரெண்டு சங்கதி இருக்கு, ஒண்ணு தாகம், இன்னொண்ணு வெளிய உக்காந்திருக்கவங்களுக்கு ஒரு தாக்கலும் வராதது. பொதுவான கணக்கு லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணிக்கு 2 மணி நேரம், சிலருக்கு மாறும், அதனால அனஸ்தீஷியா டாக்டர்கிட்ட பேசி ஆளுக்கு ஆளு நேரம் குறிச்சு முந்தின நாளே ஃபோன்ல சொல்லிருங்க. எல்லாரையும் காலையில 7 மணிக்கே வரவச்சு அடைச்சு வைக்காம பிரிச்சு வரச் சொல்லுங்க, சுகர் உள்ளவங்களை மொதல்ல எடுங்க. வெளிய இருக்கவங்களுக்கு ஒரு நர்ஸ் மணிக்கு ஒரு தடவை வந்து "இப்ப தான் உள்ள போயிருக்காவ"ன்னு சொன்னா போதும், அதுக்கு டிஸ்ப்ளே போர்டெல்லாம் வாங்கணும்னு இல்ல.

அவங்க சொன்னதை சொன்ன மாதிரியே எழுதுங்க. "பேஷண்ட் திருப்தியில்லை"ன்னு எழுதுனா அதை வச்சு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் அந்த நோட்டை எடுத்து, வாரதுக்கு முன்னால, தியேட்டருக்குள்ள, ரெக்கவரில, வீட்டுலன்னு பிரிச்சுப் பாருங்க. ஒரே பேச்சு மூணு நாலு பேர்கிட்ட வந்தா அதைக் கையில எடுங்க. ஆனா மருந்து மாறுனது, இடது வலது குழம்புனது மாதிரி விஷயத்துக்கு ஒருத்தர் சொன்னாலே போதும், எண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்துனப்புறம் அதே கேள்வியை வாரவங்ககிட்ட கேளுங்க, இல்லன்னா எதனால சரியாச்சுன்னே தெரியாது. "மாத்திரை எப்படிப் போடணும்னே சொல்லல"ன்னு அடிக்கடி வருதுன்னு வைங்க. நர்ஸ் சொல்லித்தான் இருப்பாவ, மிடசோலம் மாதிரி அரை மயக்கத்துக்குக் குடுக்க மருந்து போட்டவங்களுக்கு அந்த நேரத்துல கேட்டது மனசுல நிக்காது. கூட வந்தவங்ககிட்ட சொல்லிட்டு, "வீட்டுக்குப் போயி மாமாவுக்கு என்னென்ன குடுப்பீய, சொல்லுங்க பாப்போம்"னு திருப்பிக் கேளுங்க, தமிழ்ல பெரிய எழுத்துல ஒரு சீட்டும் குடுங்க.

பேஷண்ட் பேரோட குறையை ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்ல போடாதீங்க, மீட்டிங்ல ஒரு நர்ஸை நிக்க வச்சு ஏசவும் வேண்டாம், ஏசுனா அடுத்த மாசம் நோட்டுல எல்லாமே நல்லதா தான் இருக்கும். கூகுள் ரிவ்யூ கேக்கதையும் இந்த ஃபோனோட சேத்துக் குழப்பாதீங்க. சீட்டுல அவசரத்துக்குன்னு போட்டிருக்க நம்பருக்கு ராத்திரி 11 மணிக்கு நீங்களே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, யாரு எடுக்காவன்னு.